மலையகமும் கமராவும்: ஒரு தெரிவின் வரலாறு

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பொல்பிட்டியவில் ஒன்றுகூடிக் களனி கங்கை எனும் பெயரைப் பெறுகின்றன. லக்சபான நீர்த்தேக்கத்து நீரைச் சுரங்க வழியாகப் பெற்று இயங்கும் பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் தொழிற்படத் தொடங்கியது. அவ்விடத்திலிருந்து கங்கையின் போக்கில் சில கிலோமீற்றர் கீழிறங்கினால் கித்துல்கலையை அடையலாம். 1957 மார்ச்சில், திரைப்படம் ஒன்றிற்கெனக் கட்டப்பட்ட மரப்பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இடம் அதுவே. 'குவாய் நதிப் பாலம்' என உலகெங்கும் அறியப்பட்ட அத்திரைப்படம் சிறந்த படத்திற்கும் சிறந்த ஒளிப்பதிவிற்கும் உரியவை உட்பட ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

ஒரு பள்ளத்தாக்கில் மின்சாரமும் திரைப்படமும் இவ்வாறு அருகருகே வரலாறு பெற்றமை தற்செயலே. ஆயினும் மலையகத்தைப் படம்பிடித்த கமராக்களின் வரலாற்றை ஆராய்வோருக்கு அது பொருத்தமான தொடக்கமாக அமைகின்றது. தொழில்முறை வீடியோக் கமரா ஒன்றினைத் தெரிவுசெய்வது இன்று பெரும்பாலும் விலைப்பட்டியலையும் தொழில்நுட்ப அட்டவணையையும் ஒப்புநோக்கும் செயலாகவே கருதப்படுகின்றது. எத்தனை புள்ளிகள், எவ்வகை வில்லை, எந்நிறுவனத்தின் தயாரிப்பு என்பனவே முதலில் எழும் வினாக்கள். மலையகத்தின் அனுபவமோ வேறொன்றை உணர்த்துகின்றது. எக்கருவி தெரிவுசெய்யப்பட்டது என்பதைப் பொறுத்தே எவருடைய முகம் தெரிந்தது, எவருடைய குரல் கேட்டது என்பன தீர்மானிக்கப்பட்டுள்ளன. இவ்வுண்மையைக் காலவரன்முறையில் நோக்குதல் பயனுடையது.

குரலற்ற கமரா

1933இல் பேரரசுச் சந்தைப்படுத்தற் சபை கலைக்கப்பட்டபோது அதன் திரைப்படப் பிரிவு பிரித்தானியத் தபாற் திணைக்களத்தின் கீழ் வந்தது. அப்பிரிவை வழிநடத்திய ஜோன் கிரியர்சனிடம் இலங்கைத் தேயிலைப் பிரசார சபை படங்களைத் தயாரித்துத் தருமாறு வேண்டியது. அப்பணிக்கென பசில் ரைட் 1934இல் ஜோன் டெய்லரை உதவியாளராகக் கொண்டு இலங்கைக்கு வந்தார். நெறியாளரும் அவரே, கமராக்காரரும் அவரே. நான்கு குறும்படங்களாக எண்ணப்பட்ட அம்முயற்சி 'இலங்கையின் பாடல்' என்னும் ஒரே படமாக முடிந்தது. அது 1935இல் பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது.

அக்காலத்துப் பிரித்தானிய ஆவணப்படக்காரர் வெளியிடங்களுக்கு விரும்பி எடுத்துச் சென்ற கருவி நியூமன்-சின்கிளேயர் என்பதாகும். அலுமினியப் பெட்டிக்குள் அமைந்த அது கடிகாரம்போல் சுருள்வில்லினால் இயங்கியது. அதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஒருமுறை முறுக்கினால் 200 அடிப் படச்சுருள் ஓடி முடியும். இஃது இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேற்பட்ட நேரமாகும். பாதையும் மின்சாரமும் இல்லாத நாடுகளுக்குச் செல்வோருக்கு இதனினும் ஏற்ற கருவி அன்று இருந்ததெனக் கூறல் அரிது. ஆனால் அக்கருவியோடு ஒலிப்பதிவு சேர்ந்து வரவில்லை. ஒலிப்பதிவுக் கருவிகள் அன்று ஒரு வண்டியை நிரப்பும் பருமனுடையவை. எனவே 'இலங்கையின் பாடல்' படச்சுருளில் ஊமையாகவே பதிவாகியது. அதன் ஒலி முழுவதும் பின்னர் இங்கிலாந்தில் வைத்தே அமைக்கப்பட்டது. வோல்ட்டர் லீ இசையமைத்தார். ரொபட் நொக்ஸ் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பகுதிகளை லயனல் வென்ட் வாசித்தார்.

இதன் விளைவு 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியில் தெளிவாகின்றது. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களது விரல்களின் வேகமும் கூடையின் கனமும் காட்சியில் உள்ளன. ஆனால் அக்காட்சியின் மேல் ஒலிப்பவை சந்தை விலைகளும் வணிகக் கட்டளைகளுமாகும். இம்முரணை ரைட் தெரிந்தே அமைத்தார் என்பதும், படத்தின் சிறப்புகளுள் ஒன்றாக அது போற்றப்படுகின்றது என்பதும் உண்மையே. எனினும் மலையகத்து நோக்கில் மற்றோர் உண்மையும் உண்டு. அப்பெண்கள் தமிழில் என்ன பேசினர் என்பதைப் பதிவுசெய்ய அக்கமராவால் இயலாது. உலகப் புகழ்பெற்ற ஆவணப்படம் ஒன்றில் இடம்பெற்றும் அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. ஒலிக்கு வழியில்லாத கருவியைக் கொண்டு எடுக்கப்படும் படத்தில், படம்பிடிக்கப்பட்டவருக்காக வேறெவரோ பேசுவர் என்பது இங்கிருந்து பெறப்படும் முதற் பாடமாகும்.

பெருங்கமரா

இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் கித்துல்கலைக்கு வந்த டேவிட் லீனின் படக்குழு இதற்கு நேரெதிரான தெரிவைச் செய்திருந்தது. சினிமாஸ்கோப் முறையில், உயரத்தைப்போல் இரண்டரை மடங்கிற்கு மேற்பட்ட அகலமுடைய வண்ணப்படத்தை ஜெக் ஹில்டியார்ட் ஒளிப்பதிவு செய்தார். கருவிகள் கனமானவை. அவற்றை இயக்கவும் இடம்பெயர்க்கவும் ஒரு படையே வேண்டியிருந்தது. பாலம் ஏறத்தாழ 425 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்டதாக அமைக்கப்பட்டது.

வெடிவைக்கும் காட்சியை ஒரு முறைதான் எடுக்க இயலும். ஆதலின் பல கோணங்களில் கமராக்கள் நிறுத்தப்பட்டன. முதல் முயற்சியின்போது கமராக்காரர் ஒருவர் பாதுகாப்பான இடத்தை அடைந்துவிட்டார் என்னும் உறுதி கிடைக்கவில்லை. லீன் வெடியை நிறுத்தினார். ஆனால் புகையிரதத்தை நிறுத்த முடியவில்லை. அது பாலத்தைக் கடந்து மறுபுறத்திலிருந்த மின்பிறப்பாக்கியில் மோதிச் சேதமுற்றது. அது சீர்செய்யப்பட்ட பின்னரே பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் முன்னிலையில் பாலம் தகர்க்கப்பட்டது. கருவிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஒழுங்கமைப்பின் சுமையும் கூடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்றாகும்.

ஆயினும் மலையக வரலாற்று மாணவர் கருதவேண்டியது வேறொன்று. அப்படத்தில் களனி கங்கை இலங்கையின் ஆறாகத் தோன்றவில்லை. சயாம் நாட்டு ஆறாக நடித்தது. 1942-43 காலப்பகுதியில் ஜப்பானியர் சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளமான பாதையை அமைத்தபோது ஏறத்தாழ 60,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரின் தொகையோ இதனினும் பன்மடங்கு. அவர்களுள் மாண்டோர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடப்படுகின்றது. மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். திரைப்படம் பிரித்தானியக் கைதிகளின் கதையையே கூறியது. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்ட பாதையின் கதை, தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்ந்த மலைகளின் அடிவாரத்திலேயே படமாக்கப்பட்டும், அதில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இக்குறைபாட்டிற்குக் கமராவை மாத்திரம் காரணமாகக் கூறுவது பொருந்தாது. கதையைத் தெரிந்தவர்கள் மனிதர்களே. ஆனால் பெரும் முதலீட்டையும் பெருங்குழுவையும் வேண்டும் கருவி, அம்முதலீட்டைத் திருப்பித் தரவல்ல சந்தையையே நோக்கும் என்பதும் மறுக்கற்பாலதன்று. இதே காலப்பகுதியில், 1956 டிசம்பரில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் 'ரேகாவ' வெளியாயிற்று. அதுவரை தென்னிந்தியக் கலையகங்களின் மரபில் வளர்ந்துவந்த சிங்களத் திரைப்படத்தை, ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கின் துணையுடன் கிராமத்தின் இயற்கை ஒளிக்கு அவர் கொண்டுவந்தார். குறைந்த கருவியுடன் உள்ள இடத்திற்கே செல்லல் என்பதும் ஒரு தெரிவாகும் என்பதை அப்படம் இலங்கைக்கு உணர்த்தியது.

தோளில் ஏறிய கமரா

1950களிலும் 1960களிலும் பதினாறு மில்லிமீற்றர்க் கமராக்கள் திருத்தமுற்றன. அரிபிளெக்ஸ், எக்லேர் ஆகியவற்றின் புதிய வடிவங்கள் ஓசையின்றி இயங்கின. தோளில் வைத்துச் செல்லத்தக்கனவாயின. நாக்ரா என்னும் சிறிய ஒலிப்பதிவுக் கருவி அவற்றுடன் இணைந்து ஓடியது. 400 அடிச் சுருள் ஏறத்தாழ பதினொரு நிமிடங்களுக்குப் போதுமானது. இருவரோ மூவரோ கொண்ட குழு ஒன்று ஒரு மனிதரின் முன் அமர்ந்து, அவர் பேசுவதை அவர் வாயசைவுடன் ஒத்திசையப் பதிவுசெய்வது முதன்முறையாக எளிதாயிற்று.

பிரித்தானியாவின் கிரனாடாத் தொலைக்காட்சி 1963இல் தொடங்கிய 'வேர்ல்ட் இன் அக்ஷன்' நிகழ்ச்சி இவ்வகைக் கருவிகளை நன்கு பயன்படுத்திக்கொண்டது. 1973இல் அந்நிகழ்ச்சி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் நிலையை எடுத்துக்காட்டியது. ஒரு கோப்பைத் தேநீரின் உண்மை விலை யாது என்பதே அது எழுப்பிய வினா. உணவுத் தட்டுப்பாடும் போசாக்கின்மையும் தோட்டங்களை வாட்டிய காலம் அது. தேயிலையைப் பருகியோரின் வீட்டிற்குள்ளேயே அதனைப் பறித்தோரின் நிலை சென்று சேர்ந்தது. 1934இல் தேயிலையை விற்பதற்கென வந்த கமராவிற்கும், 1973இல் தேயிலையின் விலையைக் கேள்விக்குட்படுத்த வந்த கமராவிற்கும் இடைப்பட்ட தூரம் பெரிது. அத்தூரத்தைக் கடக்க மனமாற்றம் மாத்திரம் போதியதாக இருந்திருக்காது. லயக் காம்பராவின் பத்தடிச் சதுரத்துள் நுழையத்தக்க கருவியும் தேவைப்பட்டது.

இதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1975இல், மலையக மக்களின் வாழ்வை அவர்களுள் ஒருவராகவே நின்று கூற முனைந்த 'புதிய காற்று' வெளிவந்தது. தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் அதனைத் தயாரித்து நடித்தார். தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுதினார். அக்காலத்தில் இலங்கையில் தமிழ்ப்படம் தயாரிப்பது பொருளியல் நோக்கில் துணிகரச் செயலாகும். எனவே இம்முயற்சிகள் ஒரு சிலவாகவே அமைந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பங்கள் பெட்டி படுக்கையுடன் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ஆண்டுகளும் இவையே. பிரிந்து சென்ற இலட்சக்கணக்கானோருள் மிகப் பெரும்பாலோரின் முகம் கடவுச்சீட்டுப் புகைப்படத்தில் மாத்திரமே எஞ்சியது. அவர்களின் விடைபெறல் அசையும் படமாகப் பதிவாகாமைக்கு, படம்பிடிக்கத்தக்க கருவி அவர்களுக்கு எட்டாத விலையில் இருந்தமை ஒரு முக்கிய காரணமாகும்.

மின்சாரமும் ஒளிநாடாவும்

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியுடன் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி ஆரம்பிக்கப்பட்டு, நுவரெலியாவின் பீதுருதாலகாலை உச்சியிலிருந்து அதன் அலைகள் நாடெங்கும் பரவலாயின. இங்கு பொல்பிட்டியவின் மின்சாரம் மறுபடியும் நினைவிற்கு வருகின்றது. இலங்கையின் மின்சாரம் செக்கனுக்கு 50 சுழற்சிகளைக் கொண்டது. அதற்கிசைவாகவே செக்கனுக்கு 25 படங்களையும் 625 வரிகளையும் கொண்ட 'பால்' முறை இங்கு ஏற்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய மற்றைய முறையோ 60 சுழற்சி மின்சாரத்தை அடிப்படையாகக் கொண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 30 படங்களைக் காட்டுவது.

இவ்வேறுபாடு ஏட்டளவினது அன்று. 50 சுழற்சி மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு செக்கனுக்கு நூறு முறை மங்கி ஒளிர்கின்றது. மனிதக் கண் அதனை உணர்வதில்லை. அறுபதில் ஒரு செக்கன் திறக்கும் கமரா ஒவ்வொரு படத்திலும் ஒளியின் வேறுபட்ட அளவைப் பெறுவதனால், காட்சி முழுவதும் துடிக்கும். ஐம்பதில் ஒரு செக்கன் அல்லது நூறில் ஒரு செக்கன் என்னும் திறப்பு நேரத்தை அமைத்தால் அத்துடிப்பு நீங்கும். இன்றும் வெளிநாட்டு உறவினர் வாயிலாக மலிவாகக் கிடைக்கும் கருவியை வாங்க எண்ணுவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, அதில் 25, 50 ஆகிய பட வீதங்கள் உள்ளனவா என்பதே. தேயிலைத் தொழிற்சாலையின் குழல்விளக்கின் கீழ் எடுக்கப்படும் படத்தின் தரத்தைக் கமராவின் விலை அன்றி, மின்நிலையச் சுழலியின் வேகத்தோடு அது இசைகின்றதா என்பதே தீர்மானிக்கின்றது.

வீடியோக் கருவி தொடக்கத்தில் இரண்டு உடல்களைக் கொண்டிருந்தது. 1967இல் சோனி வெளியிட்ட 'போட்டபக்', 1970களின் யூ-மற்றிக் ஆகியவற்றில் கமராவை ஒருவர் பிடிக்க, பதிவுக் கருவியைத் தோளில் தொங்கவிட்டு மற்றொருவர் பின்தொடர்வார். இருவரையும் ஒரு கம்பி பிணைத்திருக்கும். மழையில் வழுக்கும் மலைப்படிகளில் இவ்வாறு ஏறுவதன் இடர்ப்பாடு சொல்லாமலே விளங்கும். 1982இல் வெளிவந்த பீற்றகாம் கமராவையும் பதிவுக் கருவியையும் ஒரே உடலாக்கியது. தொழில்முறை 'காம்கோடர்' எனப்படுவதன் தோற்றம் இக்காலத்தது. 1986இல் வந்த அதன் திருத்திய வடிவம் உலகத் தொலைக்காட்சி நிலையங்களின் பொதுக் கருவியாயிற்று. ஆயினும் அதன் விலை நிறுவனங்களுக்கே எட்டியது. தோட்டத்துத் திருமணங்களிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் தோன்றிய வீடியோக்காரர் வீ.எச்.எஸ். நாடாவை ஏற்கும் தோட் கமராக்களையே கையாண்டனர். இவ்வாறு நிகழ்ச்சிகள் பதிவாகின; ஆனால் பிரதியிலிருந்து பிரதி எடுக்குந்தோறும் நிறம் கசிந்து, உருவம் கரைந்து போயிற்று.

சிறு கமராவின் வரவு

1995ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் எல்லைக்கல்லாகும். அவ்வாண்டில் வெளிவந்த சோனி வீ.எக்ஸ். 1000, டி.வி. எனப்பட்ட எண்முறை நாடாவில் பதிவுசெய்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒவ்வொன்றிற்கும் ஒரு தனி உணரி வீதம் மூன்று உணரிகள் அதில் இருந்தன. அதன் நிறை இரண்டு கிலோகிராமிற்குக் குறைவு. செக்கனுக்கு 25 மெகாபிற்று என்னும் அளவில் பதிவான படத்தை எத்தனை முறை பிரதிசெய்தாலும் தரம் குன்றவில்லை. 1997இல் கனன் எக்ஸ்.எல். 1 வில்லையை மாற்றும் வசதியுடன் வந்தது. 2000இல் வந்த சோனி பி.டி. 150 தொழில்முறை ஒலிவாங்கிகளை நேரடியாகப் பொருத்தும் எக்ஸ்.எல்.ஆர். இணைப்புகளைத் தந்தது. 2002இன் பானசோனிக் டி.வி.எக்ஸ். 100 திரைப்படத்திற்குரிய செக்கனுக்கு 24 படங்கள் என்னும் வீதத்தை இச்சிறு கருவிக்குள் கொண்டுவந்தது. 2008இல் கனன் 5டி மார்க் 2 என்னும் புகைப்படக் கமரா பெரிய உணரியில் உயர்தர வீடியோவைப் பதிவுசெய்யலாயிற்று.

இக்கருவிகளின் வரிசையை நுணுகி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவற்றுள் ஒவ்வொன்றும் முன்னையதைவிட எல்லா வகையிலும் சிறந்ததன்று. 5டி மார்க் 2 தந்த படம் அழகியது, ஆனால் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் அது பதிவுசெய்யவில்லை, எக்ஸ்.எல்.ஆர். இணைப்பும் அதில் இல்லை. முதியவர் ஒருவர் தம் பாட்டனார் கண்டிச் சீமைக்கு வந்த கதையைக் கூறத் தொடங்கினால் பன்னிரண்டு நிமிடங்களில் அவர் கடலைத் தாண்டியிருக்கமாட்டார். ஆவணப்படத்திற்கும் வாய்மொழி வரலாற்றிற்கும் எட்டு ஆண்டுகள் பழைய பி.டி. 150 அதனினும் பொருத்தமானது. புதுமை ஒன்று, பொருத்தம் மற்றொன்று என்பதைத் தெரிவுசெய்வோர் மறத்தலாகாது.

முகமும் மழையும்

மலையகத்தில் பொருத்தத்தை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று ஒளி, மற்றையது மழை.

காலை வேளையில் கொழுந்து மலையில் நிற்கும் பெண்ணின் பின்னால் மூடுபனி வெண்திரையாக விரிந்திருக்கும். அவரது முகமோ கரியது. தலையில் இட்ட துணியின் நிழல் அதன்மேல் விழும். கமராவின் தானியங்கி அமைப்பு காட்சியின் சராசரி ஒளியைக் கணித்துத் திறப்பைச் சுருக்கும். பனி சாம்பல் நிறமாகும், முகம் கரும்புள்ளியாகும். தொடக்கக்கால வீடியோக் கருவிகள் ஐந்தாறு படி ஒளிவேறுபாட்டையே தாங்கின. புகைப்பட ஆய்வகங்களில் நிறத்தைச் சரிபார்க்க நெடுங்காலம் வெள்ளைத் தோற் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையே அளவுகோலாக வழங்கியமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. கருவி நடுநிலையானதெனத் தோன்றினும், எம்முகத்தை அளவுகோலாகக் கொண்டு அது அமைக்கப்பட்டது என்னும் கேள்வி எஞ்சுகின்றது. ஆதலின் மலையகத்திற்கு வேண்டிய கமரா, திறப்பையும் குவியத்தையும் கையாலேயே மாற்றத்தக்க வளையங்களையும், எவ்விடம் ஒளியால் நிறைவுற்றது என்பதை வரிக்குறிகளால் காட்டும் வசதியையும், பரந்த ஒளிவேறுபாட்டைத் தாங்கும் உணரியையும் கொண்டிருத்தல் வேண்டும். வானம் வெளிறினும் முகம் தெரியவேண்டும் என்பதே இங்கு விதி.

மழையைப் பொறுத்தவரை, வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டொன்றிற்கு 5,000 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பெய்கின்றது. நாடாக் கமராக்களின் காலத்தில், பனியிலிருந்து தொழிற்சாலையின் வெப்பமான உலர்த்தும் அறைக்குள் நுழைந்தவுடன் உள்ளிருக்கும் உருளையில் ஈரம் படியும். எச்சரிக்கைக் குறி தோன்றிக் கருவி நின்றுவிடும். நாடா வழக்கொழிந்த பின்னரும் வில்லையில் ஈரம் படிதலும் பூஞ்சணம் பிடித்தலும் நீங்கவில்லை. கமராவை உறையிலிட்டு அறையின் வெப்பத்திற்கு மெல்லப் பழக்குதல், ஈரமுறிஞ்சும் மணிகளுடன் பெட்டியில் வைத்தல் ஆகியன அன்றுபோல் இன்றும் வேண்டியனவே.

மழையின் பெரிய தீங்கு ஒலிக்கே விளைகின்றது. லயத்தின் தகரக் கூரைமேல் விழும் மழை கமராவின் தலையில் பொருத்திய ஒலிவாங்கிக்குப் பேரிரைச்சலாகும். அவ்வேளையில் பேசுவோரின் சட்டையில் பொருத்தும் சிற்றொலிவாங்கி ஒன்றே அவரது குரலைக் காக்கும். எனவே பட நுணுக்கத்திற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒலிக்கு ஒதுக்குதல் அறிவுடைமையாகும். இரண்டு ஒலிவாங்கிகளைத் தனித்தனியே பொருத்தி அளவை மாற்றவும், காதணிக் கருவியால் கேட்கவும் இயலாத கமரா எத்துணைப் புள்ளிகளைக் கொண்டிருப்பினும், அது 1934இன் ஊமைக் கருவிக்கு ஒரு படி மேலானது மாத்திரமே.

பேணுதல் என்னும் கடமை

கருவித் தெரிவு பதிவுடன் முடிவதில்லை. யூ-மற்றிக், வீ.எச்.எஸ்., பீற்றகாம், டி.வி. ஆகிய ஒவ்வொரு நாடாவும் அதனை ஓட்டும் இயந்திரம் உள்ளவரையே வாழும். அவ்வியந்திரங்களின் உற்பத்தி நின்றுவிட்டது. ஈரமிகு மலைநாட்டின் அலுமாரிகளில் நாடாக்களிற் பூஞ்சணம் படர்கின்றது. இவற்றை எண்முறைக் கோப்புகளாக மாற்றும் பணி தாமதிக்குந்தோறும் இழப்பு மிகும். நினைவட்டையில் பதிவாகும் இன்றைய கோப்புகளும் அழியாதவை அல்ல. அட்டை துடைக்கப்பட்டு மறுநாட் பணிக்குச் செல்வது வழக்கம். ஆதலின் எவ்விடத்தும் திறக்கத்தக்க பொதுவான கோப்பு வடிவத்தில் பதிவுசெய்வதும், இரண்டு அட்டைகளில் ஒரே வேளையில் எழுதுவதும், வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகளேனும் வைப்பதும் தெரிவின் பகுதிகளாகவே கருதப்படவேண்டும்.

கைத்தொலைபேசி ஒவ்வொருவரிடமும் உள்ள இக்காலத்தில் தனிக் கமரா எதற்கு என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. நிறை, விலை என்னும் இரு தடைகளையும் கைத்தொலைபேசி அகற்றிவிட்டது. தலைமன்னாரில் விடைபெற்றோருக்குக் கிடைக்காத வாய்ப்பு அவர்களின் பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கின்றது. அவசர நிகழ்ச்சிக்கு அதனினும் ஏற்ற கருவி இல்லை. ஆனால் மணிக்கணக்கான நேர்காணல், தகரக் கூரையின் கீழ் ஒலிக்கும் மெல்லிய குரல், இருண்ட காம்பராவில் சாளரத்தின் எதிரே அமர்ந்த முகம், ஐம்பது ஆண்டுகளின் பின்னும் திறக்கப்படவேண்டிய கோப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே தாங்க அதற்குத் துணைக்கருவிகள் பல வேண்டும். அவற்றையெல்லாம் சேர்த்துக் கணக்கிடும்போது, பயன்படுத்தப்பட்ட ஒரு தொழில்முறைக் காம்கோடர் அதே செலவில் கிடைத்தல் கூடும்.

மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றமையை 2023இல் நினைவுகூர்ந்தனர். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையில் அவ்வாண்டு மீண்டும் நடக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகளில் முதல் நூறாண்டிற்கு மேற்பட்ட காலத்திற்கு அசையும் படம் என்பதே பெரும்பாலும் இல்லை. அதன்பின் வந்தவற்றுள் ஒன்று அவர்களைப் பேசவிடவில்லை. மற்றொன்று அவர்களின் ஆற்றை வேறு நாட்டு ஆறாக்கியது. பிறிதொன்று அவர்களது காம்பராவினுள் நுழைந்து, அவர்களின் நிலையை உலகுக்குக் காட்டியது. இம்மூன்றினதும் வேறுபாடு எடுத்தவரின் நோக்கத்தில் ஒரு பாதி. கையிலிருந்த கருவியில் மறுபாதி.

ஆதலின் பல்கலைக்கழகச் சங்கமோ, தோட்டத்து இளைஞர் மன்றமோ கமரா ஒன்றினை வாங்க முற்படும்போது அட்டவணையைத் திறப்பதற்கு முன்னர் ஐந்து வினாக்களுக்கு விடை காணவேண்டும். எவரது குரல் பதிவாகவேண்டும்? எவரது முகம் தெரியவேண்டும்? எவர் அதனைச் சுமந்து எம்மலையில் ஏறுவர்? எம்மின்சாரத்தின் கீழ் அது இயங்கும்? அதன் பதிவை எவர், எங்கு, எத்தனை காலம் பேணுவர்? இவ்விடைகள் தெளிந்தபின் கருவியின் பெயரைத் தேடுவது எளிது. முற்காலத்தில் இத்தெரிவை இலண்டனிலும் ஹொலிவூட்டிலும் இருந்தோர் செய்தனர். இன்று பொல்பிட்டியவின் மேலுள்ள தோட்டங்களில் பிறந்து கல்வி கற்கும் மாணவரின் கையிலும் அது வந்து சேர்ந்துள்ளது. லயங்களில் எஞ்சியுள்ள முதியோர் பேசும் வலிமையுடன் இருக்கும்போதே அத்தெரிவு செய்யப்படுமாயின், ஊமைப் படச்சுருளில் தொடங்கிய இவ்வரலாறு அவர்களது சொந்தக் குரலைப் பெறும்.